சின்னக் குரல்

மின்சாரத்தை மிச்சப்படுத்தியதற்காக ஒரு பெட்டிக்கு விழா எடுத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. என் கணவர் அந்தப் பெட்டியின் மைக் வடத்தைக் கையில் சுற்றிக்கொண்டு செத்தவர் என்பது அழைப்பை அனுப்பியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 'பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பிரதிநிதி' என்று என் பெயருக்குக் கீழே அச்சிட்டிருந்தார்கள். பூங்கொத்து தருவார்களாம். நான் போகவில்லை. போயிருந்தால் மேடையில் எனக்கு ஒதுக்கிய நேரத்தில் சொல்லி முடித்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பெட்டியின் பெயர் நற்செவி. பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. கடல் தெரியவில்லை.

எங்கள் ஊர் சங்குமுனை, தூத்துக்குடிக்குத் தெற்கே. முன்பு எங்கள் வள்ளங்களில் இருந்த வயர்லெஸ் கருவிகள் பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும். காலையில் பேசிச் சிரித்துவிட்டு மத்தியானம் எஞ்சினைக் கிளப்பப் போனால் கிளம்பாது. கரையில் ஒரு பெரிய கோபுரம் இருந்தது; அதற்கும் மின்சாரம் ஏராளமாக வேண்டியிருந்தது. கோபுரத்தைக் கழற்றிவிட்டு எல்லா வள்ளங்களுக்கும் நற்செவியைக் கொடுத்தார்கள். ஒரு வள்ளத்தின் குரலைப் பக்கத்து வள்ளத்துப் பெட்டி வாங்கி, அதற்கு அடுத்த பெட்டியிடம் கொடுத்து, இப்படியே கை மாற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் மாதக் கணக்கில் வரும் என்றார்கள். வரவும் செய்தது. பக்கத்து வள்ளத்துப் பெட்டி காதைப் பொத்திக்கொண்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கூட்டத்தில் பிரியாணி போட்டார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல் கச்சான் காற்று திடீரென்று முறுக்கியது. மற்ற வள்ளங்கள் நல்ல மீன்பாட்டோடு கரை வந்தன. என் கணவர் எஸ்தாக்கியின் வள்ளம் வரவில்லை. மறுநாள் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தோடு அவர் உடலைக் கொண்டுவந்தார்கள். அவரோடு தொழிலுக்குப் போயிருந்த அமலனின் உடல் வேறொரு ஊர்க் கரையில் ஒதுங்கியது. அமலனுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்திருந்தார்கள். வியாகுலம் அக்காவுக்கு ஒரே மகன்.

மீன் கூடும் அதே மடையில் எங்கள் சொந்தக்கார வள்ளங்களும் மீன் பிடித்துக்கொண்டிருந்தன. ஒருவரும் எதையும் கேட்கவில்லை என்றார்கள். கரைக்கும் எந்தக் குரலும் வந்து சேரவில்லை. எஸ்தாக்கி ரோசக்காரர். எஞ்சின் நின்றால் துடுப்புப் போட்டாவது வருவாரே தவிர, இன்னொருவர் வள்ளத்தில் கயிறு கட்டி இழுபட்டு வரமாட்டார். இது ஊருக்கே தெரியும். ஆகவே ஊர் எளிதாக முடிவு செய்தது: அவர் கூப்பிடவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்து ஆட்கள் என் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வியாகுலம் அக்கா வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏட்டி ரெஜினா, ஒம் புருசன் செத்தது அவன் விதின்னு வச்சிக்கிடுதேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா எம் புள்ள வந்திருப்பாம்லா. வாயத் தொறக்க என்ன கேடு அவனுக்கு? அவன் ரோசத்துக்கு எம் புள்ளையா பலி?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. காப்பியை மட்டும் சத்தம் வராமல் குடித்தார்கள்.

எஸ்தாக்கி செத்தது என் துக்கம். அதை நான் வைத்துக்கொள்வேன். ஒரு பையனைச் சாகவிட்டவர் என்ற பேர் அவருடையது இல்லை. அவர் கூப்பிட்டார் என்று எனக்கு உறுதி. சாகப்போகிறவன் கையில் பெட்டியின் வடத்தைச் சும்மா சுற்றிக்கொள்ள மாட்டான். இதை வியாகுலம் அக்கா நம்ப வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பல மாதம் கழித்து விசாரணையை மீன் ஏலக்கூடத்தில் வைத்தார்கள். பொன்னம்பலம் என்று ஓர் அதிகாரி வந்திருந்தார். எந்தப் பக்கம் பேசினாலும் தலையை ஆட்டிக் கேட்கும் மனிதர். எங்கள் முறை வந்தபோது கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். பெட்டி செய்த நிறுவனத்திலிருந்து நவநீதன் என்கிற விஞ்ஞானி வந்திருந்தார். இளைஞர்தான். மீன் வாடைக்கு மூக்கைச் சுருக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"கையில வடம் சுத்தியிருந்ததை வச்சு அழைச்சார்னு சொல்ல முடியாதும்மா" என்றார். "எந்தப் பெட்டியிலயும் அழைப்பு பதிவாகலை."

"பெட்டிக்குக் காது கேக்காம இருந்திருந்தா?"

"அதுக்கு வாய்ப்பே இல்லை" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்க முன்வந்தார். "காத்துல வர்ற அலையை எண்ணா மாத்த ரேடியோவுக்குள்ள ஒரு சில்லு இருக்கும். மின்சாரத்தை நிறைய குடிக்கிறது அதுதான். ஒரு ஸ்கேல் மாதிரி வச்சுக்குங்க. மில்லிமீட்டர் கோடெல்லாம் போட்டு அளந்தா வேலை ஜாஸ்தி. சென்டிமீட்டர் கோடு மட்டும் போதும்னா வேலை கம்மி. எங்க சில்லு சமயத்துக்குத் தக்கபடி கோடுகளைக் கூட்டிக்கும், குறைச்சுக்கும். அதனாலதான் உங்க பேட்டரி இவ்வளவு நாள் வருது."

"கோடு கம்மியா இருக்கையில கால் சென்டிமீட்டர்ல ஒண்ணு வந்தா?"

"அது... பூஜ்யத்துல சேர்ந்துடும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி."

"அம்மா, கேள்வி மட்டும் கேளுங்க" என்றார் பொன்னம்பலம்.

"சரிங்க. எப்பக் கூட்டணும், எப்பக் குறைக்கணும்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

"யாருமே சொல்ல வேண்டாம். அதுவே கத்துக்கும். அதான் எங்க கண்டுபிடிப்பு." நவநீதனின் முகம் மலர்ந்தது. இரண்டு சாவுகளுக்கான விசாரணையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. "ஒரு வகையான குரல் வருது. அதுக்கு நீங்க பதில் பேசுறீங்களா, சத்தத்தைக் கூட்டி வைக்கிறீங்களான்னு பெட்டி பார்த்துக்கிட்டே இருக்கும். பேசினா, அந்த வகைக் குரல் உங்களுக்கு முக்கியம்னு எடுத்துக்கும். யாருமே பதில் பேசாத வகைக் குரல் திரும்பத் திரும்ப வந்தா, அதுக்கு எதுக்கு மின்சாரம்? கோடுகளைக் குறைச்சிடும். ஒவ்வொரு பெட்டியும் அதை வச்சிருக்கிற ஆள்கிட்ட இருந்து கத்துக்குது."

"வள்ளம் கவுந்து பெரிய பேட்டரி தண்ணியில முங்கிட்டா?"

"உள்ள இருக்கிற சின்ன மின்கலத்துக்கு மாறிடும். அது ரொம்ப நேரம் தாங்கணும்னு அனுப்புற சக்தியைக் குறைச்சு வச்சிருக்கோம்."

"அப்ப முங்குறவன் குரல் சின்னதாத்தான் வரும்."

"ஆமா. ஆனா அதையும் எடுக்கிற திறமை பெட்டிக்கு இருக்கும்மா. சோதனையில எல்லாத்துலயும் எடுத்துச்சு. உங்க கடல்ல ஏதாவது நடந்திருந்தாலும் எடுத்திருக்கணும். எடுக்காம இருக்க ஒரு காரணமும் இல்லை."

அவருக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. என் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டு ஆண்களுக்கும் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் ஒரே சமயத்தில் சிமெண்டுத் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியில் பேசுவதற்கு இரண்டு நிலைகள் உண்டு: பெரிய குரல், சின்னக் குரல். பெரிய குரலில் பேசினால் கடல் முழுக்கக் கேட்கும். அதில் எங்கள் ஆண்கள் பாட்டுப் பாடுவார்கள், வசவு பரிமாறுவார்கள், மீனே இல்லை என்று அழுவார்கள். உண்மையில் மீன் கூட்டத்தைக் கண்டால் குமிழைத் திருகிச் சின்னக் குரலுக்கு மாற்றிக்கொண்டு இரண்டு வார்த்தை முணுமுணுப்பார்கள். அது பக்கத்தில் இருக்கும் சொந்தக்கார வள்ளங்களுக்கு மட்டும் எட்டும். கேட்டவர்கள் பதில் சொல்லக் கூடாது. பதில் சொன்னால், எதற்குப் பதில் என்று அடுத்த குடும்பத்து வள்ளங்கள் காதைத் தீட்டிக்கொள்ளும். பேசாமல் வள்ளத்தைத் திருப்ப வேண்டியதுதான். இது எங்கள் குடும்பத்தில் பல காலமாக இருக்கும் வழக்கம். கல்யாணமாகி வந்த பெண்களுக்குக்கூட முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் சொல்வார்கள்.

நற்செவி எங்கள் வள்ளங்களில் உட்கார்ந்து இதைத்தான் நாள் தவறாமல் பார்த்திருக்கிறது. சின்னக் குரல் வரும். இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். சத்தத்தைக் கூட்டக்கூட மாட்டார்கள், காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக்கொள்வார்கள். முதலில் தெளிவாகக் கேட்ட முணுமுணுப்பு போகப்போக மங்கிவிட்டது என்று எஸ்தாக்கியே சொல்லியிருக்கிறார். கடல் காற்றில் பெட்டி பழசாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

தேநீர் இடைவேளையில் எங்கள் ஆண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எஸ்தாக்கியின் தாய்மாமன் சந்தியா மாமாதான் முதலில் பேசினார்.

"ஏட்டி, ஒன் மொகத்தப் பாத்தாலே தெரியுது. அதச் சொல்லிராத."

"சொன்னா என்ன மாமா?"

"என்னவா? நம்ம தொழிலு அதுலதான் நிக்குது. தஸ்நேவிஸ் கூட்டம் அங்கன உக்காந்து பல்லக் காட்டிட்டு இருக்கானுவ. அவனுவளுக்குத் தெரிஞ்சா நாளைக்கு நம்ம மடையில அவன் வல கெடக்கும்."

எஸ்தாக்கியின் தம்பி பெலிக்ஸ் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அண்ணன் செத்ததிலிருந்து அவன் கடலுக்கே போகவில்லை. தாடி மார்பைத் தொட்டது. என்ன பாசம் என்று ஊர் மெச்சியது. நானும் அவனுக்குத் தினமும் சோறு கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம் மயினி" என்றான் மெதுவாக. "அண்ணன் திரும்பியா வரப்போறான்?"

"அவிய வர வேண்டாம். பேரு வரட்டும்."

"பொம்பள வாயால குடும்ப ரகசியம் வெளிய போச்சுன்னா நல்லாருக்காது, பாத்துக்க" என்றார் சந்தியா மாமா.

"ஆம்பளைய வாயால போகட்டும் மாமா. நீங்க சொல்லுங்க."

அவர் தேநீரைத் தேடிப் போய்விட்டார். அவர்கள் அத்தனை பேரும் எஸ்தாக்கியின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள். சுமக்கும்போது அழுதவர்கள். ஒரு மீன் மடை போய்விடும் என்றதும் தோளைத் துடைத்துவிட்டுக்கொண்டார்கள்.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சின்னக் குரலைப் பற்றி, பதில் சொல்லாத வழக்கத்தைப் பற்றி. சொல்லி முடித்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து தஸ்நேவிஸின் சிரிப்புக் கேட்டது. அவன் எங்களுக்குப் போட்டிக் குடும்பத்தின் பெரிய தலை.

"ஏ சந்தியா, இதுதானாவே ஒங்க ரகசியம்? எங்கப்பன் காலத்துலருந்து நாங்களும் இதத்தான் செய்யுதோம். நீரு முணுமுணுக்கது எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீரு?"

"ஒமக்கு எப்படிவே தெரியும்?"

"நீரு மீனே இல்லன்னு ஒப்பாரி வைக்கும்போது சத்தம் ரொம்ப தெளிவா வரும். திடீர்னு கடலே அமைதியாயிரும். ஒம்ம ஆளுவ அஞ்சு வள்ளமும் ஒரே பக்கம் திரும்பும். இதுக்கு விஞ்ஞானி வேற வேணுமா?"

மூன்றாவது குடும்பத்து ஆட்களும் சிரித்தார்கள்; பிறகு அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள் என்பது வெளியே வந்தது. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரியாமல் ஒரே ரகசியத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அது ஒவ்வொரு பெட்டிக்கும் தெரிந்திருந்தது.

வியாகுலம் அக்கா சிரிக்கவில்லை. "இதெல்லாம் சரி. அவன் கூப்பிட்டான்னு இதுல எங்கன இருக்கு?" என்றாள். அங்கே கேட்கப்பட்டதில் உருப்படியான கேள்வி அதுதான்.

சோதித்துப் பார்ப்போம் என்று நவநீதன் சொன்னார். எல்லா வள்ளங்களிலிருந்தும் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு வந்து ஏலக்கூடத்தில், வழக்கமாக மீனைக் கூறு வைக்கும் இடத்தில், வரிசையாக வைத்தார்கள். தஸ்நேவிஸ் ஒரு பெட்டியோடு வள்ளத்தில் கொஞ்ச தூரம் போனான். முதலில் பெரிய குரலில் பேசினான். "அதிகாரி ஐயாவுக்குப் பாற மீனு வேணுமா, ஊளி மீனு வேணுமா?" என்று அத்தனை பெட்டிகளும் ஒன்றாகக் கத்தின. பொன்னம்பலம் சிரித்து வைத்தார்.

பிறகு சின்னக் குரலுக்கு மாற்றச் சொன்னார்கள். தூரத்தில் தஸ்நேவிஸின் வாய் அசைவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. சிமெண்டுத் தரையில் பெட்டிகள் செத்த மீன்களைப் போல் கிடந்தன. ஈ ஒன்று ஒரு பெட்டியின் மேல் ஏறி இறங்கியது. வியாகுலம் அக்கா குனிந்து ஒவ்வொரு பெட்டியாகக் காதைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வரிசையின் கோடியிலிருந்த பெட்டி கரகரவென்றது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் குரல் தஸ்நேவிஸுடையது என்று யாருக்கும் தெரிந்திருக்கும்.

நவநீதன் ஓடிப்போய் அதை எடுத்தார். பின்பக்கத்தைத் தன் கைக்கருவியோடு இணைத்துப் பார்த்தார். எனக்கு நினைவிருக்கிறது, அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாருங்க சார், இது வேலை செய்யுது. பெட்டியில குறையே இல்லை. ஜூன் மாசம் மாத்திக் கொடுத்த பெட்டி இது. பழசுல உப்புத்தண்ணி ஏறிடுச்சுன்னு திருப்பிக் கொடுத்திருக்காங்க. விபத்துக்கு முந்தின நாள்தான் பொருத்தியிருக்கு. விபத்துக்கு அப்புறம் அது கடலுக்கே போகலை. அதனால யார்கிட்டயும் எதையும் கத்துக்கலை. புதுசா இருக்கிறப்ப எல்லாக் குரலையும் கேக்கும், அதான் நான் சொன்னேன். சொல் தெளிவா இல்லைன்னா மட்டும் பதிவு பண்ணாது, அடுத்த பெட்டிக்கும் அனுப்பாது. ரொம்ப நல்லதாப் போச்சு சார், நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு கிடைச்சுது."

பொன்னம்பலம் குறித்துக்கொண்டார். பின்னால் வந்த அறிக்கையில், பயனாளர்களின் முறையற்ற பழக்கத்தால் கருவிகள் தவறாகப் பயிற்சி பெற்றன என்றும், இறந்தவர் அழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்பதை முற்றிலும் மறுப்பதற்கில்லை என்றும் எழுதியிருந்தார். ஒரு மனிதன் தண்ணீரில் கிடந்து கத்தியதைச் சொல்ல இதைவிடக் கோழைத்தனமான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

அன்று ஏலக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் அந்தப் பெட்டி யாருடையது என்று அந்த இருவருமே கேட்கவில்லை. நான் பார்த்தேன். பெலிக்ஸ் தூணை விட்டுவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தான்.

அவன் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். வள்ளத்தில் பாசி காய்ந்து வெடித்திருந்தது. நான் எதிரே நின்றேன்.

"கேட்டுதா?"

மணலைக் கையில் அள்ளி விட்டான். "கேட்டுது மயினி."

"என்ன சொன்னாவ?"

"வெளங்கல. கொரகொரன்னு இருந்துச்சு. அண்ணன் கொரலுன்னு மட்டும் தெரிஞ்சுது. சின்னக் கொரலுல வந்ததும் மீனு கண்டிருக்கான்னு நெனச்சேன். எனக்கு வல நெறஞ்சு கெடந்துச்சு. இன்னும் எதுக்குன்னு வள்ளத்தத் திருப்பல."

"எத்தன தடவ கூப்பிட்டாவ?"

"விட்டு விட்டுக் கேட்டுது. நானும் சிரிச்சுக்கிட்டேன், இன்னைக்கு அண்ணனுக்கு ஏகப்பட்ட மீனு போலன்னு."

"ஒரு தடவையாவது என்னன்னு கேட்டியால?"

"சின்னக் கொரலுக்கு யாரு மயினி பதில் சொல்லுவா?"

பெட்டிக்கு அவனிடம் பாடம் படிக்க நேரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நன்றாகவே படித்திருக்கும். அவனை அடிக்கக் கை வந்தது. அவன் மார்புத் தாடியில் நான் கொடுத்தனுப்பிய சோற்றின் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அடிக்கவும் அருவருப்பாக இருந்தது.

"எந்திரி. வியாகுலத்தக்கா வீட்டுக்குப் போவோம்."

"அதிகாரிகிட்டயே சொல்லிருதேன் மயினி. அந்தம்மா என்னக் கொன்னுரும்."

"கொல்லட்டும்."

வழியெல்லாம், அண்ணன் என்ன சொன்னான் என்று விளங்கவில்லை, சத்தியமாக விளங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். அதில் அவன் பொய் சொல்லவில்லை. ஏலக்கூடத்தில் அந்தப் பெட்டி பேசியதை நானே கேட்டிருந்தேன்.

வியாகுலம் அக்கா எங்களுக்கு முன்னமே வீடு வந்து சேர்ந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து, மறுநாள் விற்பதற்கு வாளை மீனை அரிவாள்மனையில் நறுக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. பெலிக்ஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் அவன் முதுகில் கை வைத்தேன்.

"பெரியம்ம, அண்ணன் கூப்பிட்டான். எனக்குக் கேட்டுது. நான் பதில் சொல்லல. மீனுக்குக் கூப்பிடுதான்னு நெனச்சிட்டேன்."

அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு மீன் முடிந்து அடுத்த மீனை எடுத்தாள். அதற்கும் தலையைக் கிள்ளினாள்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டான்?"

பெலிக்ஸ் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அமலனத் தூக்கிக்கோன்னான்" என்றான். "வேற ஒண்ணும் சொல்லல பெரியம்ம. வந்து மொதல்ல அமலனத் தூக்கிக்கோன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தான்."

அரிவாள்மனையில் அவள் கை நின்றது. அவனைப் பார்க்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஏலக்கூடத்தில் நிஜம் வேண்டும் நிஜம் வேண்டும் என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவள் நான்தான்.

"இவன் சொல்லுதது நெசமாட்டீ?"

"நெசந்தான்க்கா."

வியாகுலம் அக்கா எழுந்தாள். மீன் கழுவிய சட்டியை இரண்டு கையாலும் தூக்கி, செதிலும் ரத்தமுமாக இருந்த அந்தத் தண்ணீரை அப்படியே பெலிக்ஸின் முகத்தில் வீசினாள். அவன் துடைத்துக்கொள்ளாமல் நின்றான். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு சற்று நகர்ந்து, எனக்கு உட்கார இடம் விட்டாள்.